ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்கும் காய் எடுப்பவர்களுக்கும் எந்தப் பாதுகாப்புப் பொருளை முதலில் வாங்குவது?

போடிமெட்டுக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் என் தாய்மாமாவுக்கு ஆறு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. அவருக்கு வயதாகிவிட்டதால் சென்ற பருவத்திலிருந்து மேற்பார்வையை நான் ஏற்றிருக்கிறேன். எங்களிடம் வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் போடி, தேவாரம், கோம்பைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஜீப்பில் மலையேறி, சாயங்காலம் இறங்கிவிடுகிறவர்கள். மருந்தடிக்க ஆண்கள், காய் எடுக்கப் பெண்கள் என்பதே இங்கே வழக்கம்.

பேன் என்கிற சாறுறிஞ்சும் பூச்சிக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் குயினால்பாஸ் உட்பட இரண்டு மூன்று மருந்துகளை மாற்றி மாற்றி அடிக்கிறோம். அழுகல் நோய்க்கு மழை தொடங்குமுன், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை அடிக்கிறோம். பெட்ரோல் பம்பு ஓரிடத்தில் நிற்கும். ஒருவர் டிரம்மில் மருந்தைக் கலக்கிவிடுவார், ஒருவர் ஹோஸை இழுத்துக் கொடுப்பார், இன்னொருவர் முனையைப் பிடித்து அடிப்பார். மூவருமே கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலிலோ ரப்பர் செருப்பிலோதான் நிற்கிறார்கள். மாமா ஒரு கட்டு துணி முகக்கவசம் வாங்கி வைத்திருக்கிறார். காலையில் அதைக் கட்டிக்கொள்பவர்கள் பத்து மணிக்கெல்லாம் கழற்றி மரக்கொம்பில் மாட்டிவிடுகிறார்கள்.

போன மாதம் டிரம்மில் கலக்கிவிடுகிறவருக்கு மதியம் தலைவலியும் வாந்தியும் வந்து, கண் மங்கலாகத் தெரிகிறது என்றார். அவரை ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். நல்லவேளையாகத் தேறிவிட்டார். இத்தனைக்கும் மூவரில் அவர் ஒருவர்தான் முகக்கவசத்தைக் கழற்றாமல் வைத்திருந்தார் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கையில் இருக்கும் பணத்துக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாது. எதை முதலில் வாங்க வேண்டும்? முகக்கவசத்திலேயே நல்ல வகையாக வாங்கினால் போதுமா? காய் எடுக்கும் பெண்களுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமா? இவ்வளவு சிறிய தோட்டத்துக்குச் சட்டப்படி ஏதேனும் கட்டாயம் உண்டா? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


வண்டன்மேடு_பழையவர்:

தம்பி, உங்கள் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. முகக்கவசம் கட்டியிருந்தவருக்குத்தான் நோவு வந்தது என்கிறீர்கள். அவர் செய்த வேலை என்ன என்று பாருங்கள். மற்ற இருவர் மேலும் பட்டது நூறு லிட்டர், இருநூறு லிட்டர் தண்ணீரில் கரைந்த மருந்து. அவர் கையில் பட்டது டப்பாவிலிருந்து வந்த கலப்பில்லாத மருந்து. மூடியைத் திறக்கும்போதும், அளக்கும்போதும், வெறுங்கையையோ குச்சியையோ விட்டுக் கலக்கும்போதும் தோலில் படுகிற ஒரு சிறு கரண்டி அளவு, அரை நாள் தெளிப்புச் சாரலில் நனைவதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாம்.

நான் ஏலமலையில் ஒரு தோட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு வேலையை நெடுங்காலம் பார்த்து ஓய்வுபெற்றவன். மருந்து மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது என்கிற எண்ணம் முதலாளிகளிடமும் இருக்கிறது, ஆட்களிடமும் இருக்கிறது. வாடை மூக்கில் ஏறுவதால் அப்படித் தோன்றுகிறது. திறந்த வெளியில் நீர்த்த மருந்தைத் தெளிப்பவரின் உடலுக்குள் பெரும்பகுதி தோல் வழியாகவே போகிறது. அதிலும் எல்லாத் தோலும் ஒன்றல்ல. 1971-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாரத்தியான் என்ற மருந்து முன்கையில் பட்டால் சுமார் 9 விழுக்காடும், உள்ளங்கையில் 12, வயிற்றில் 18, தலைத்தோலில் 32, நெற்றியில் 36, அக்குளில் 64 விழுக்காடும், விதைப்பையில் பட்டால் ஏறக்குறைய முழுவதும் உடலுக்குள் உறிஞ்சப்படுவதாகக் கண்டார்கள். மடித்துக் கட்டிய கைலி மருந்தில் நனைந்து இடுப்பிலும் தொடையிடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கெடுதல் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். முதுகில் சுமக்கும் தெளிப்பான் ஒழுகினாலும் அது வடிவது அந்த இடத்துக்குத்தான்.

ஆகவே முதல் செலவு கையுறைக்கு. மருத்துவமனையில் போடும் மெல்லிய கையுறை வேண்டாம். அது கிழியும், அதோடு எண்ணெய்போல் இருக்கும் மருந்துகளில் கலந்திருக்கும் கரைப்பான் மெல்லிய ரப்பரை விரைவிலேயே ஊடுருவிவிடும். வேதிப்பொருள்களைக் கையாள்வதற்கென்றே விற்கும், முழங்கைக்குப் பாதி வரை வரும், உள்ளே துணி ஒட்டாத நைட்ரைல் கையுறையைக் கேட்டு வாங்குங்கள். துணி ஒட்டியிருந்தால் ஒருமுறை உள்ளே மருந்து போனபின் அது கழுவினாலும் போகாது; தோல் கையுறைக்கும் அதே குறை உண்டு. ஒவ்வொரு நாளும் உள்ளே தண்ணீரை ஊற்றிப் பிதுக்கிப் பார்த்து, ஓர் ஊசித்துளை தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஓட்டைக் கையுறை போடுவதைவிட வெறுங்கையே மேல், ஏனென்றால் வெறுங்கையை உடனே கழுவத் தோன்றும்.

இரண்டாவது, கலக்குகிறவருக்கு மட்டும் கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை வரும் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் முன்மறைப்பு ஒன்றும், முகம் முழுவதையும் மறைக்கும் கண்ணாடித் திரை ஒன்றும் வாங்குங்கள். ஒரு தோட்டத்துக்கு ஒரு செட்டு போதும். போர்டோக் கலவைக்குச் சுண்ணாம்பு நீற்றும்போதும் அதே திரை உதவும். அந்தச் சுண்ணாம்பு தெறித்துக் கண் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மூவருக்கும் முழங்கால் அளவு ரப்பர் பூட்ஸ். முழுக்கால்சட்டையின் அடிப்பகுதி பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகக் கூடாது. செருகினால் வழிகிற மருந்தெல்லாம் பூட்ஸுக்குள் இறங்கிக் கால் நாள் முழுக்க அதிலேயே ஊறும். அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கச் சிலர் துணிக் காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிறார்கள். மருந்தடிக்கும் நாளில் அதை பூட்ஸுக்கு உள்ளே போடுவதில் தவறில்லை, வெளியே போட்டால் அது மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

முகக்கவசம் இதற்கெல்லாம் பிறகுதான். துணிக் கவசம் நனைந்தபின் மருந்தை வாயோடும் மூக்கோடும் ஒட்டவைத்துக் கொடுக்கிற துணியாகிவிடுகிறது. அந்த ஆட்கள் கழற்றி மாட்டியதில் நியாயம் இருக்கிறது. என்95 வகை நீர்த்துளியையும் தூசியையும் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. ஆவி கிளம்பும் மருந்தைக் கலக்குகிறவருக்கு, கரிம ஆவியை உறிஞ்சும் கரிக்குப்பியும் துகள் வடிகட்டியும் சேர்ந்த அரைமுகக் கவசம் வேண்டும். உள்ளே வாடை வரத் தொடங்கினாலோ மூச்சிழுக்கக் கடினமானாலோ குப்பியை மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அதை உறையிலிட்டு மூடி வைக்காவிட்டால், மருந்து அறையிலேயே தொங்கிக்கொண்டு அது வீணாகத் தீர்ந்துவிடும்.


கோம்பை_உழைப்பாளி:

ஐயா எழுதியது அனைத்தும் சரி. நான் மருந்தடிக்கிறவன்; என் மகள் இதைத் தட்டச்சு செய்து கொடுக்கிறாள். ஆட்கள் ஏன் கழற்றுகிறார்கள் என்பதை ஆட்களின் பக்கத்திலிருந்தும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கூலி பெரும்பாலும் டிரம் கணக்கில். எத்தனை டிரம் தீர்த்தோமோ அத்தனைக்குக் காசு. கண்ணாடி பனித்து வழி தெரியாமல் நின்றால் அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. சரிவில் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு, வழுக்குகிற பாறையிலும் இலைச் சருகிலும் ஏறி இறங்குகிறவனுக்குக் காலுக்குப் பெரிதான பூட்ஸைக் கொடுத்தால் அவன் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வான். முதலாளிகள் பலர் ஒரே அளவில் மொத்தமாக வாங்கி வைத்துவிட்டு, ஆட்கள் போட மாட்டேன் என்கிறார்கள் என்று சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் அளவு கேட்டு, பெயர் எழுதி, ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள். அடுத்தவன் வியர்வை ஊறிய கையுறைக்குள் கைவிட யாருக்குத்தான் மனம் வரும்?

கூலியை டிரம் கணக்கிலிருந்து நாள் கணக்குக்கு மாற்றினால், பாதுகாப்புப் பொருளில் பாதி தானாகவே உடம்பில் ஏறிவிடும் என்பது என் எண்ணம். இதை எந்தத் தோட்டத்திலும் சொன்னால் பேச்சை மாற்றுகிறார்கள்.

இன்னொன்று. காசு செலவழித்து வாங்குவதற்குமுன், இருக்கிற கருவியைச் சரிசெய்ய வேண்டும். ஹோஸ் இணைப்பில் கம்பி கட்டியிருக்கும் இடத்திலிருந்து மெல்லிய ஊசிபோல் மருந்து பீய்ச்சும். இழுத்துக் கொடுக்கிறவனுடைய நெஞ்சிலும் தோளிலும் அதுதான் படும். பிடியின் அருகே வாஷர் தேய்ந்து ஒழுகுவது இன்னொரு இடம். முனை அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவது எங்களுக்கெல்லாம் பழக்கமாகவே இருந்தது. உபரியாக இரண்டு முனைகளும் ஒரு பழைய பல்துலக்கியும் டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பம்பு நிற்கும் இடத்தில் மருந்து கலக்கத் தண்ணீர் இருக்கும், கை கழுவத் தனித் தண்ணீரும் சோப்பும் இருக்காது. பீடி பற்றவைக்கும்போதும், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போதும், தூக்குவாளியைத் திறக்கும்போதும் அதே கைதான். கையுறையைக் கழற்றுமுன் கையுறையோடேயே சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு கழற்றி, மறுபடி கையைக் கழுவ வேண்டும் என்று எங்கள் கங்காணி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அதற்கு ஒரு குடம் தண்ணீர் செலவாகும். அந்தக் குடத்தை அங்கே கொண்டுவந்து வைக்க ஓர் ஆள் வேண்டும்; அதற்கும் கூலியில் இடம் வேண்டும்.


கூடலூர்_செவிலி:

தேனி மாவட்டத்தில் அரசு மருத்துவமனையொன்றில் பணிபுரிகிறேன். ஏலமலையிலிருந்து இறங்கி வருகிறவர்களைப் பருவந்தோறும் பார்க்கிற அனுபவத்தில் சிலவற்றை எழுதுகிறேன்.

கேள்வி கேட்ட சகோதரர் சொன்ன அறிகுறிகளில், கண் மங்கியது என்பதை நான் முதலில் கவனிப்பேன். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தியை நிறுத்தும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அதனால் கண்ணின் கருமணி ஊசிமுனைபோல் சுருங்கும், வாயில் எச்சில் ஊறும், மூக்கு ஒழுகும், வியர்வை கொட்டும், வயிறு முறுக்கி வாந்தியும் பேதியும் வரும், தசை துடிக்கும், மார்பு இறுகும். வெயிலில் சோர்ந்தவருக்கும் தலைவலியும் வாந்தியும் வியர்வையும் உண்டு என்பதால் தோட்டத்தில் இதை வெயில் மயக்கம் என்று எண்ணி, மோர் கொடுத்து நிழலில் உட்காரவைத்து நேரத்தை வீணாக்கிவிடுகிறார்கள். வெயில் சோர்வில் கருமணி இப்படிச் சுருங்காது, எச்சிலும் ஊறாது, நாக்கு வறளும்.

அப்படிச் சந்தேகம் வந்தால், துணி முழுவதையும் அங்கேயே கழற்றி, தலைமுடி, காது மடல், நகக்கண் உட்பட உடம்பைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கழுவுகிறவரும் கையுறை போட வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்திலுள்ள கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்துசேர நேரமாகும் என்பதால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எதிரே போவதும் உண்டு. அப்படியானால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூடவே ஒருவர் இருக்க வேண்டும். மருந்து டப்பாவையோ அதன் சீட்டையோ மறக்காமல் கொண்டுவாருங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் அட்ரோபின் என்ற முறிமருந்தோடு வேறு எதைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் முடிவெடுப்பது விரைவாகும். டப்பா இல்லாமல், "வெள்ளையாகக் கலங்குகிற மருந்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

தேறிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரை மறுபடி மருந்து வேலைக்கு உடனே விடாதீர்கள். முடங்கிய நொதி மீண்டும் பழைய அளவுக்கு வர வாரங்கள் ஆகும். அதற்குள் சிறிதளவு பட்டாலும் முன்பைவிட மோசமாகும். இன்று உங்கள் தோட்டம், நாளை அடுத்த தோட்டம் என்று மாறி மாறிப் போகிற மருந்துக்காரர்களுக்கு எந்த முதலாளியும் இந்தக் கணக்கை வைப்பதில்லை. பருவம் தொடங்குமுன் ஒருமுறை இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு குறைந்ததா என்று ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். ஆளுக்கு ஆள் இயல்பான அளவு வேறுபடுவதால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்துச் சொல்வது கடினம்.

வீட்டுக்குப் போகும் துணியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மருந்தில் நனைந்த சட்டையோடு ஜீப்பில் எட்டுப் பத்துப் பேரோடு நெருக்கி உட்கார்ந்து இறங்கி, வீட்டில் குழந்தையைத் தூக்கிய பிறகுதான் கழற்றுகிறார்கள். அதை மனைவி வெறுங்கையால், வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறவைத்துத் துவைக்கிறார். தோட்டத்திலேயே குளித்து மாற்றிக்கொள்ள ஒரு மறைப்பு இருக்க வேண்டும். மருந்துத் துணியைத் தனி வாளியில், கையுறையோடு, சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைத்து, இரண்டு மூன்று முறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். கலப்பில்லாத மருந்து கொட்டி ஊறிய துணியை எத்தனை முறை துவைத்தாலும் பயன் இல்லை, எறிந்துவிட வேண்டியதுதான்.


முதலமடை_மாந்தோப்பு:

பாலக்காட்டுப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறவன் என்ற முறையில் சிறிதளவு சேர்க்கிறேன். ஏலத்தில் மருந்து பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே, காய் பிடிக்கும் சரத்தையும் செடியின் அடித்தூரையும் நோக்கி அடிக்கப்படுகிறது. எங்களுக்கு, பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்காக மரத்தின் உச்சியை நோக்கி அடிக்க வேண்டும். அடித்ததெல்லாம் முகத்திலேயே திரும்பி விழும். அதனால் எங்களுக்குத் தலையையும் கழுத்தையும் மூடும் முக்காடும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும்தான் முதலில். துணித் தொப்பி கூடாது. 2017-இல் மகாராட்டிரத்தின் யவத்மாலில் மருந்தடித்த இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

கையுறையில் ஒரு நுணுக்கம் உண்டு. கையை உயர்த்தி அடிப்பவர் சட்டைக் கையைக் கையுறைக்குள் செருகி, கையுறையின் விளிம்பை வெளிப்புறமாக மடித்துவிட வேண்டும். வழிகிற மருந்து அந்த மடிப்பில் தேங்கும், அக்குளுக்கு ஓடாது. கீழ்நோக்கி அடிப்பவர் சட்டைக் கையைக் கையுறைக்கு மேலே விட வேண்டும். உங்கள் ஆட்களுக்கு இரண்டாவது முறை.

உடையைப் பொறுத்தவரை, முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன உடையை எங்கள் வெயிலில் போட்டால் ஆள் மயங்கிவிடுவார். மலையில் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. பூச்சிமருந்து தெளிப்பவர் உடைக்கென்றே ஐஎஸ்ஓ 27065 என்ற தரம் இருக்கிறது. அதில் சி1, சி2, சி3 என்று மூன்று நிலைகள். கலப்பில்லாத மருந்தைக் கையாள்பவருக்கு சி3, தெளிக்கிறவருக்கு ஆபத்தைப் பொறுத்து மற்ற இரண்டு. 2024 டிசம்பரில் பெங்களூரிலுள்ள இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனமும் செபியோ ஹெல்த் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கிசான் கவச் என்ற உடை வெளியிடப்பட்டது. துணியிலேயே ஒட்டவைத்த ஒரு வேதிப்பொருள், மருந்து பட்டவுடன் அதை முறித்துவிடும் என்பது அதன் அடிப்படை. துவைத்து மறுபடி அணியலாம். அறிவித்த விலை 4,000 ரூபாய். ஆனால் அந்த முறிப்பு ஆர்கனோபாஸ்பேட் வகையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதால், நீங்கள் மாற்றி மாற்றி அடிக்கிற மற்ற மருந்துகளுக்கும் அதையே நம்பிவிடக் கூடாது. நெருங்க நெய்த பருத்தியில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால்சட்டையும் இரண்டு செட்டு வாங்கி, நனைந்தவுடன் மாற்றச் சொல்வது இப்போதைக்குக் கைக்கெட்டுகிற வழி.


போடிமெட்டுக்காரன்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கையுறை, முன்மறைப்பு, பூட்ஸ் ஆகியவற்றை ஆட்களிடம் அளவு கேட்டு வாங்க முடிவு செய்துவிட்டேன். டிரம் கணக்கைப் பற்றி மாமாவிடம் பேசினேன். உடனே மறுக்கவில்லை என்பதையே பெரிதாக நினைக்கிறேன். சட்டத்தைப் பற்றியும் காய் எடுக்கும் பெண்களைப் பற்றியும் கேட்டது அப்படியே நிற்கிறது. பழையவர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும். காய் எடுப்பதற்குக் கையுறை கொடுத்துப் பார்த்தோம், ஒருவரும் போடவில்லை.


வண்டன்மேடு_பழையவர்:

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை, ஐந்து எக்டேருக்குக் குறையாத, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டங்களுக்கு உரியதாக இருந்தது. 2010-இல் அதைத் திருத்தி, பூச்சிமருந்தைக் கையாள்வதில் பாதுகாப்பும், பாதுகாப்பு உடையும், மருத்துவப் பரிசோதனையும் முதலாளியின் கடமை என்று சேர்த்தார்கள். உங்கள் ஆறு ஏக்கர் அந்த அளவுக்கு வராது. அதனால் தப்பித்தோம் என்று மாமா நினைக்க வேண்டாம். 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளில் 39-ஆம் விதி பரப்பளவைப் பார்ப்பதில்லை. மருந்தைத் தயாரிப்பவர் முதல் தெளிப்பவர் வரை அனைவருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்கிறது. மேலுடையும் தலைமறைப்பும், முன்கையின் பாதி வரை வரும் ரப்பர் கையுறை, தூசி புகாத கண்ணாடி, பூட்ஸ் ஆகியவை சேர்ந்ததே முழு உடை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அடுத்த விதி மூச்சுக் கவசத்தைப் பற்றியது. 42-ஆம் விதி பயிற்சியைப் பற்றியது. ஐம்பது ஆண்டுகளுக்குமுன் எழுதிய விதி என்றாலும், கையுறையின் நீளத்தைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்கள். படிக்கிறவர்கள்தான் குறைவு.

2019 சனவரியில் திருவல்லாவை அடுத்த பெரிங்கரையில் நெல்வயலில் மருந்தடித்த இரண்டு தொழிலாளிகள் இறந்தபிறகு கேரளத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. நம் எல்லையில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. கார்போபுரான், போரேட், மோனோகுரோட்டோபாஸ், பாராகுவாட் உள்ளிட்ட பல மருந்துகளைக் கேரள அரசு 2011-இல் தடை செய்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டுப் பக்கம் கிடைத்தவை சீட்டைக் கிழித்தோ வேறு புட்டியில் ஊற்றியோ மலையேறி வந்தன. சீட்டில்லாத புட்டிக்குப் பாதுகாப்புப் பொருள் என்று ஒன்று கிடையாது. எந்தக் கையுறை, எந்தக் குப்பி என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? டப்பாவின் சீட்டில் அச்சிட்டிருக்கும் சாய்சதுரத்தின் நிறத்தையாவது ஆட்கள் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. குயினால்பாஸ் மஞ்சளில் வருவது. முதலாளி மலையாளம் படிப்பவர், ஆள் தமிழ் படிப்பவர் என்று இருக்கிற தோட்டங்களில், மருந்தறைக் கதவிலேயே இந்த நான்கு நிறத்தையும் வரைந்துவிடுவது சுலபம்.

காய் எடுக்கும் பெண்கள் கையுறை போடாததில் வியப்பில்லை. பழுத்த காயையும் இளங்காயையும் விரல் நுனியால்தான் பிரித்தறிகிறார்கள்; தடித்த கையுறையில் அந்த உணர்வு போய்விடும், மெல்லியது ஒரு மணி நேரத்தில் கிழிந்துவிடும். அதோடு அவர்கள் தூரில் உட்கார்ந்து, சரத்துக்குள் கைவிட்டு எடுக்கிறார்கள். மேலே இலையில் நிற்கும் ஈரம் கழுத்திலும் முதுகிலும் சொட்டும். உட்கார்ந்த இடத்தில் புடவையும் பாவாடையும் மண்ணிலுள்ள மருந்தை உறிஞ்சும். மருந்தடிக்கிறவர் வாரத்தில் ஓரிரு நாள் நனைகிறார். இவர்கள் பருவம் முழுவதும் அந்தச் செடிக்கு அடியிலேயே இருக்கிறார்கள். ஆகவே கையுறையைவிட, உட்காரத் தண்ணீர் ஊறாத ஒரு விரிப்பும், இடுப்பிலிருந்து கால் வரை வரும் ரெக்சின் முன்மறைப்பும், முதுகை மூடும் முழுக்கைச் சட்டையும் கொடுங்கள். சட்டையை மலைக்கு மேலேயே மாற்றிக்கொள்ள வசதி செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது நாளைப் பிரிப்பது. மருந்துச் சீட்டில் பெரும்பாலும் காணப்படுவது அறுவடைக்கு முந்தைய காத்திருப்புக் காலம். அது ஏலக்காயை உண்பவருக்காகக் கணக்கிட்டது. செடிக்குள் போய் உட்காருகிறவருக்கானது அல்ல. அமெரிக்காவில் தெளித்த இடத்துக்குள் ஆள் நுழைய, மருந்தின் கொடுமையைப் பொறுத்து 12, 24, 48 மணி நேரம் என்று தனியே விதித்திருக்கிறார்கள். நம் மலையில் மழையும் மூடுபனியும் நிழலும் இருப்பதால் மருந்து உலரவே நேரமாகும் என்பதை நினைத்து, மஞ்சள் மருந்துக்கு நான் எப்போதும் நீண்ட கணக்கையே வைத்துக்கொள்வேன். காய் எடுத்து முடிந்த பகுதியில் மருந்தடித்துக்கொண்டே போனால், அடுத்த சுற்றுக் காய் எடுப்பு அந்த இடத்துக்கு வர வாரங்கள் ஆகும். பாதுகாப்புக்கும் காயில் மருந்து தங்காமல் இருப்பதற்கும் அதுவே வழி. பல தோட்டங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நாளைக்குக் காய் எடுக்க ஆள் வருகிறது, அதற்குள் பேன் மருந்தை அடித்துவிடலாம் என்று அவசரப்படுகிறார்கள். ஆறு ஏக்கரை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் எந்தத் தேதியில் எந்த மருந்து அடித்தோம், எந்தத் தேதிக்குப் பிறகு உள்ளே போகலாம் என்று தமிழில் ஒரு பலகையில் எழுதி, ஜீப் வந்து நிற்கிற இடத்தில் வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடமே அந்தப் பலகையின் பொறுப்பைக் கொடுத்துவிட்டால், தேதி வராத துண்டுக்குள் கங்காணி சொன்னாலும் அவர்கள் இறங்க மாட்டார்கள்.